சுவர் பார்த்த அந்தோனியார்

எங்கள் கீழ்வீட்டு ஃப்ராவ் கெல்லர் வாரத்துக்கு ஒரு தடவை என் கணவருக்குக் கேக் கொடுப்பார். எனக்கில்லை, அவருக்கு மட்டும். இந்த ஸ்விட்சர்லாந்தில் ஒரு கட்டடத்தில் குடியிருக்கும் எல்லாருக்குமாக நிலவறையில் துணி துவைக்கும் அறை ஒன்று இருக்கும். யாருக்கு எந்தக் கிழமை என்று முறை வைத்திருப்பார்கள். எங்கள் முறை வரும்போது என் மனுஷன் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். திரும்பி ஏறும்போது மடித்த துணிக்கு மேல் ஒரு தட்டும், தட்டில் ஒரு துண்டு கேக்கும் வரும். நானும் முதலில் நல்லபடியாகத்தான் நினைத்தேன். தனியாக இருக்கும் வயதான அம்மாள், சாப்பிட ஆளில்லாமல் யாருக்காவது சுட்டுக் கொடுக்கிறார், பாவம் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால், படியில் என்னைக் கண்டால் அந்த அம்மாள் 'க்ரூட்ஸி' என்று வணக்கத்தைப் பல்லிடுக்கால் துப்பிவிட்டுப் போகிறார். என் மனுஷனைக் கண்டால் மட்டும் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். என் கணவர் மன்னார்க்காரர். வாயைத் திறந்தால் வாய்க்குள் இருப்பது தீர்ந்துபோய்விடும் என்பது போலப் பேசுகிறவர். கேக்கை முழுதாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் பின்னேரம் நீ எனக்கு ஏசுறாயெண்டு அந்த மனுசி நினைக்குது."

"நான் எப்பங்க உங்கள ஏசினேன்?"

"நீ செபம் சொல்லுறதைத்தான் சொல்லுறன்."

"அப்ப அது செபம்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் நினைச்சனான்," என்றார். காலித் தட்டைப் பார்த்தார். "கேக் நல்லா இருந்தது."

ஃப்ராவ் கெல்லரையும் குறை சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் மேல்வீட்டில் ஒரு பெண் உரத்த குரலில் ஆரம்பிக்கிறாள், குரல் ஏறுகிறது, நடுவில் மேசையில் தட்டுகிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், மறுபடி ஏறுகிறாள். ஆண் குரல் ஒன்றுகூடக் கேட்பதில்லை. கடைசியில் மட்டும் தீனமாக ஒரு 'ஆமென்'. இந்த நாட்டு மனுஷி வேறு என்ன நினைப்பார்? இப்படி ஒரு செபம் உலகத்தில் இருக்கும் என்று தெரிய அவர் மலைநாட்டு ஊரான உக்குவளையில் எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

உக்குவளை ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்து இறங்கி வந்து அப்பா கட்டிய இரண்டறை வீடு. முன்னறைச் சுவரில் ஒரு பலகை, அதன் மேல் திருஇருதயப் படம், பக்கத்தில் மாதா, ஓரத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் சுரூபம். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கும்போதே அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றிவிடுவார். ஆனால் பாங்கு முடியும் வரை செபத்தைத் தொடங்க மாட்டார். "அவங்க முடிக்கட்டும். ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் கூப்புட்டா சாமி எந்தப் பக்கந்தான் திரும்புவாரு?" என்பார். பாங்கு முடிந்ததும் செபமாலை. செபமாலை முடிந்ததும் சொந்த மன்றாட்டு. அங்கேதான் எங்கள் வீட்டுச் சமாச்சாரமே ஆரம்பமாகும்.

சொந்த மன்றாட்டு என்றால் ஒவ்வொருவரும் தன் வாயால், தன் வார்த்தையில், எல்லாருக்கும் கேட்க ஆண்டவரிடம் பேசுவது. மற்ற கத்தோலிக்க வீடுகளில் நோய் நீங்க வேண்டும், மழை பெய்ய வேண்டும் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் சண்டையே அதில்தான் நடக்கும். அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. "ஆண்டவரே, இந்த வீட்டுல ஒரு மனுசருகிட்ட கூரையில தகரம் ஓட்டையா இருக்குன்னு போன மழையிலருந்து சொல்றேன். நீங்களாச்சும் அவரு காதுல போடுங்க," என்று அம்மா ஆரம்பிப்பார். அப்பாவுக்குத் தன் முறை வரும் வரை வாயைத் திறக்க அனுமதி கிடையாது. முறை வந்ததும், "ஆண்டவரே, அந்தத் தகரம் இந்த ஞாயித்துக்கெழம மாத்தலாம்னு இருந்தேன். இப்ப சபையில வச்சு மானத்த வாங்கிட்டாங்க, அதனால அடுத்த ஞாயிறுதான்," என்பார். தம்பி சூசை என்னைக் கோள் சொல்வதும், நான் சூசையை மாட்டிவிடுவதும் அங்கேதான். எல்லாருடைய முகமும் திருஇருதயப் படத்தைப் பார்த்தபடியே இருக்கும். கடைசியில் ஒரு ஆமென். அதோடு சண்டை முடிந்துவிடும். சாப்பிடும்போது யாரும் அதைத் திரும்ப எடுக்கக்கூடாது. அப்பா சாகும்வரை அந்த வீட்டில் கோபம் ஒரு இரவு தாண்டியதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தோனியாரோடு அம்மாவுக்கு இருந்த உறவு இன்னும் நெருக்கமானது. கேட்டது கிடைக்காவிட்டால் சுரூபத்தைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். கிடைத்தால் திருப்பி வைத்து, முகத்தைத் துடைத்து, மல்லிகைப்பூ வைப்பார். என் கல்யாணத்துக்குப் பிறகு விசா இழுத்தடித்தபோது அந்தோனியார் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசா வந்த அன்று அம்மா ஓடிப்போய் அவரைத் திருப்பினார். நான் பெட்டி கட்டியபோது, "கொஞ்ச நாள் அப்புடியே விட்டுருக்கலாம். அவசரப்பட்டுட்டேன்," என்று அவரிடமே முறையிட்டு அழுதார்.

இப்படி வளர்ந்தவள் இந்த நாட்டுக்கு வந்து, முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், ஆண்டவரிடம் வேறு எப்படிப் பேசுவாள்? மேற்பார்வைக்காரி முறைத்தது, உருளைக்கிழங்கு உரித்த கை மரத்துப்போனது, கணவர் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாதது, எல்லாவற்றையும் கொட்டுவேன். உரத்துத்தான் கொட்டுவேன். அதற்குத்தான் என் மனுஷனுக்குக் கேக்.

விஷயம் தெரிந்த அன்றிலிருந்து எனக்கு வாய் எழும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சரி, மனதுக்குள்ளேயே செபிப்போம், சாமிக்கு அதுவும் கேட்கும்தானே என்று கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்று நினைத்தேன். அடுத்ததாக அடுப்பை அணைத்தேனா என்று நினைத்தேன். மறுபடி "ஆண்டவரே". பிறகு நாளைக்கு எந்த பஸ். என் கணவர் பக்கத்தில் கண்ணை மூடியிருப்பார், சிலைபோல. இவருக்கு எப்படி முடிகிறது என்று பார்ப்பேன். சில நாள் குறட்டை வரும்.

கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆண்டவர் இருக்கிறாரா இல்லையா என்பதல்ல என் சந்தேகம். அது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் இத்தனை வருஷமும் அவரோடுதான் பேசினேனா, இல்லை வீட்டாருக்குக் கேட்க வேண்டும் என்று பேசினேனா என்பதுதான். கேட்க ஆளில்லாத இடத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? அப்படியென்றால் நான் யார்? வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுப் படுக்கும் ஒருத்தியாக மாறிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் லீவு எடுத்து ஊருக்குப் போனதே, அங்கே போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன்.

முதல் நாள் பாங்கு முடிந்தது. செபமாலை முடிந்தது. அம்மா தன் மன்றாட்டில் நான் வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லி, இளைத்துப்போனதற்கு ஆண்டவரைக் கடிந்து, சூசைக்கு இன்னும் பெண் அமையாததை வழக்கம்போல் நினைவூட்டினார். சூசை ஸ்டேஷனடியில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான். அவனும் தன் முறையில், "ஆண்டவரே, பொண்ணு அமையாததுக்கு அம்மா பொண்ணு வீட்டுல பேசுற பேச்சுத்தான் காரணம்," என்று பதில் வைத்தான். அடுத்தது நான். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உதடு அசைகிறது, அவ்வளவுதான். கீழே ஃப்ராவ் கெல்லர் படுத்திருப்பது போலவே இருந்தது எனக்கு. அங்கே கீழே இருந்ததோ சிமெந்துத் தரையும் மண்ணும்தான்.

"அக்கா, படம் ஓடுது, வால்யூம் இல்ல," என்றான் சூசை.

அம்மா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் வாய்க்குள் செபிப்பவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். முன்பு ஒரு தடவை சூசை இப்படி முணுமுணுத்தபோது விசாரித்துப் பார்த்ததில், பையன் வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல் சுது கங்கையில் குளித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த வழக்கையும் அம்மாதான் விசாரித்தார்.

மறுநாள் அம்மாவின் மன்றாட்டு இப்படிப் போனது: "ஆண்டவரே, இவ என்னத்தையோ மறைக்கிறா. மாப்புள ஏன் கூட வரல? லீவு இல்லியாம். யாருகிட்ட கத சொல்றா? அவரு இவள விட்டுட்டுப் போயிருந்தா, அந்த மனுசன் மனசத் திருப்புங்க."

"அம்மா!" என்றேன்.

"ஒன் மொற வரட்டும்," என்றார், படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

என் முறை வந்தது. உதடு மட்டும் அசைந்தது.

அம்மாவின் செபம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். விடிந்ததும் பக்கத்து வீட்டு நூருன்னிஸா ராத்தா ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"அழ வேணாம் தங்கச்சி. அவன் போனா போறான். அல்லாஹ் ஈக்கிறான்."

"யாரு போனது ராத்தா? அவரு வேலைக்குத்தான் போயிருக்காரு!"

"மறைக்க வேணாம். ஒங்கம்மாட துஆவுல எல்லாம் கேட்டேன்," என்றார் ராத்தா.

அங்கே பரிதாபப்பட்டு அவருக்குக் கேக், இங்கே பரிதாபப்பட்டு எனக்கு வட்டிலப்பம். கருப்பட்டியும் ஏலக்காயும் மணக்க, கோபத்தோடு கிண்ணத்தைக் காலி செய்தேன். என் கணவரின் நியாயம் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

அடுத்த பாங்குக்குள் செய்தி ஸ்டேஷன் வரை போய்விட்டது. சூசையின் த்ரீவீலில் ஏறியவர்கள் எல்லாம், "அக்காவுக்கு இப்புடி ஆயிருச்சே" என்று கேட்டார்களாம். மன்னார்க்காரரையே அலைபேசியில் கூப்பிட்டு அம்மா முன்னால் பேசவைத்தேன். அவர் வழக்கம்போல், "ஓம். சுகம். வைக்கிறன்," என்று மூன்று சொல்லில் முடித்துக்கொண்டார். அம்மாவுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது.

அன்றைக்கு அம்மா அந்தோனியாரைத் தூக்கினார். "காணாமப் போன சாமானெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்குறவருன்னுதானே ஒங்களுக்குப் பேரு? எம்மக வாய எங்க வச்சான்னு கண்டுபுடிங்க. அதுவரைக்கும் செவத்தப் பாருங்க," என்று திருப்பி வைத்தார். அதோடு விடவில்லை. "இவ வாயத் தொறக்குற வரைக்கும் நான் சாயத்தண்ணி தொடமாட்டேன்," என்று நேர்ந்துகொண்டார்.

சாயத்தண்ணி என்பது பால் சேர்க்காத வெறும் பிளேன் டீதான். ஆனால் தேயிலையோடு பிறந்து வளர்ந்த பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். எழுந்ததும் ஒன்று, வாசல் கூட்டியதும் ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, வந்தவர் போனால் ஒன்று. மறுநாள் நடுப்பகலுக்குள் அம்மா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார். சமைக்கவில்லை. கோழிக்குத் தீனி போடவில்லை. போகிற ரயிலைக்கூடத் திட்டினார்.

"அக்கா, ஒங்காலுல விழுறேன், எதாச்சும் கத்து," என்று சூசை கெஞ்சினான். "பொய்யாவாச்சும் கத்து. சாமி மன்னிச்சுருவாரு. இந்தம்மா மன்னிக்காது."

பொய்யாகக் கத்துவதா? அந்த ஒன்றுதான் என்னால் முடியாது என்று இருந்தது. பொய்யாகத்தான் இத்தனை நாளும் கத்தினேனோ என்று தெரியாமல்தானே நான் செத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்தது. பாங்கு முடிந்தது. தலைத்துணியோடு அம்மா முழந்தாளில் நின்றார். அவர் முறையில் குரல் தேய்ந்து வந்தது. "ஆண்டவரே, எனக்குத் தல வெடிக்குது. பரவால்ல. அப்புடியே செத்தாலும் பரவால்ல. கல்லு மாதிரி நிக்கிறாளே, இவளுக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கங்க."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். என் முறை என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஆண்டவரே, இந்தப் பொம்பளையக் கொஞ்சம் கேளுங்க!" என்று கத்தினேன். "நல்லாருக்குற மனுசன ஓடிப்போனவனாக்கி, ஊரெல்லாம் என்னப் பாத்து உச்சுக்கொட்ட வச்சுட்டாங்க! சாயத்தண்ணி குடிக்க மாட்டாங்களாம்! நான் கேட்டேனா? அங்க ஒரு பொம்பள எம்புருசனுக்குக் கேக்கு குடுக்குறா, இங்க ராத்தா எனக்கு வட்டிலப்பம் குடுக்குறாங்க! ரெண்டு ஊர்லயும் என்னப் பைத்தியக்காரின்னு வச்சுட்டீங்க!" கண்டிக்குப் போகிற ரயில் அந்த நேரம் பார்த்து வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. நான் ரயிலுக்கு மேலே கத்தினேன். "அங்க எனக்கு யாரும் இல்ல ஆண்டவரே! வாய மூடிட்டு வேல, வாய மூடிட்டு வீடு! ஒங்ககிட்டயாச்சும் பேசலாம்னா அதுக்கும் வாய மூடணுமாம்! மனசுக்குள்ள கூப்புட்டேனே, கேட்டுச்சா? நீங்களும் என்ன விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு பயந்து போயிட்டேன்!"

கடைசி வரியில் ரயில் போய்விட்டிருந்தது. அது மட்டும் தெருவெல்லாம் கேட்டிருக்கும். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ரயில் இரைச்சலில் அந்த அறையில் யாருக்கும் பாதிகூட விளங்கியிருக்காது என்பதும், அப்போதும் நான் நிறுத்தவில்லை என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் நான் அம்மாவுக்கோ சூசைக்கோ பேசவில்லை. நெஞ்சில் இத்தனை மாதமாக ஏறியிருந்த பாரம் இறங்கியது அப்போதே தெரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நூருன்னிஸா ராத்தாவின் குரல் வந்தது: "ஆமீன்!"

அம்மா படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆண்டவரே, கேட்டீங்கள்ல? இவள அங்க அனுப்புங்கன்னு ஒங்க காலப் புடிச்சவ நாந்தான். இவ இல்லாம எனக்கும் இங்க பேச்சுத் தொணைக்கு யாருமில்ல. அதையும் எழுதிக்கங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தோனியாரைத் திருப்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அதே மூச்சில், "சூசை, தண்ணி வை. சாயம் கெட்டியா இருக்கணும்," என்றார்.

நான் திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், நான் கணவரை ஏசவில்லை, கடவுளிடம் செபிக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டி விளக்கினேன். ஃப்ராவ் கெல்லர் அண்ணாந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். "இவ்வளவு சத்தமாகவா? அவர் அவ்வளவு தூரத்திலா இருக்கிறார்?" என்று கேட்டார். இல்லை, அவர் பக்கத்தில்தான், என் அம்மாதான் தூரத்தில் என்றேன். அவருக்கு அது விளங்கியதா தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு, வேலை நேரம் மாறி நான் செபம் சொல்லாத நாட்களில் மேலே வந்து மணியடித்து, எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். கேக் நின்றுவிட்டது. என் கணவர் அதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

உக்குவளையில் பாங்கு சொல்லும் நேரம் இங்கே நடுப்பகல் தாண்டியிருக்கும். காலை வேலை முடிந்து ஓடி வந்து வாட்ஸப்பில் கூப்பிடுவேன். அம்மா அலைபேசியை அந்தோனியார் பக்கத்தில் பலகையில் சாய்த்து வைப்பார். அங்கிருந்து பார்த்தால் அம்மாவும் சூசையும் என்னைப் பார்த்து முழந்தாளில் நிற்பது போல இருக்கும். முதல் நாள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் முறை வந்தால் நானும் சொல்வேன், அங்கேயும் இங்கேயும் கேட்க.

இந்த வருஷமும் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். லீவு கிடைக்கவில்லை. நேற்று அதைச் சொன்னேன். இன்றைக்கு அம்மா அழைப்பை எடுத்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், பிறகு என்னைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். இப்போது எனக்குத் தெரிவதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்தான். அப்பா அடித்த பச்சை நிறம், மழைக்கு ஊறிய ஒரு கறை, அந்தோனியார் உரசி உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்த இடம். முதுகுக்குப் பின்னால் பாங்கு முடிகிறது. செபமாலை நடக்கிறது. சூசை சிரிப்பை அடக்குவது கேட்கிறது. அம்மா தன் மன்றாட்டில், சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஒருத்தியைப் பற்றி ஆண்டவரிடம் நீளமாகச் சொல்லி முடிக்கிறார்.

"இப்ப அவ மொற," என்கிறார்.

நான் சுவரைப் பார்த்தபடியே, இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்க ஆரம்பிக்கிறேன்.

"ஆண்டவரே, மொதல்ல எங்கம்மாகிட்ட சொல்லி என்னத் திருப்பி வைக்கச் சொல்லுங்க."